ஆயில் சம்ப் பேக்கிங் மாற்றும்போது சீலன்ட்: எங்கே, எவ்வளவு, எப்படி?

சிக்னலில் வண்டி நிற்கும்போது மட்டும் ஆயில் விளக்கு மினுக்கென்று எரியும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும். என் பழைய மாருதி 800-இல் நடந்தது இது. ஆயில் அளவு சரியாக இருந்தது, ஆயிலும் புதிது. கடைசியில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பம்ப்புக்கு ஆயிலை உறிஞ்சிக் கொடுக்கும் ஸ்ட்ரைனரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலையில் பாதிக்கு மேல் சிவப்பாக, புழுப்புழுவாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளினால் ரப்பர் போல இழுபட்டது. சிலிக்கான் சீலன்ட், அதாவது பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமலிருக்கப் பூசும் பசை. ஏழெட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு பட்டறையில் கசிவுக்காக சம்ப்பைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஆனால் பூசியதில் பாதி உள்பக்கம் பிதுங்கி, காய்ந்து, பிய்ந்து, ஆயிலோடு போய் வலையை அடைத்துவிட்டது.

சம்ப் கசிந்தால் தரையில் கறை விழும், நமக்குத் தெரியும், ஆயிலை ஊற்றிச் சமாளிக்கலாம். உள்ளே போன சீலன்ட் வெளியே தெரியாது; எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தின்ற பிறகுதான் தெரியும். அதனால் இந்த வேலையில் நான் முதலில் பார்ப்பது கசிவு நின்றதா என்பதை இல்லை, உள்ளே எவ்வளவு பிதுங்கும் என்பதை. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில்தான்.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பட்டறைகளில் சம்ப்பைச் சிலர் 'சேம்பர்' என்பார்கள், இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமலிருக்க வைக்கும் கேஸ்கட் என்றால் 'பேக்கிங்'. சீலன்ட் வேண்டுமென்றால் கடையில் 'அனபாண்ட் ஒண்ணு குடுங்க' என்றுதான் கேட்போம். சென்னையைச் சேர்ந்த நிறுவனத்தின் பெயர் அது. இங்கே பொருளுக்கே பெயராகிவிட்டது.

கசிவது சம்ப்தானா?

எஞ்சினில் எங்கே கசிந்தாலும் ஆயில் கீழேதான் வரும். எஞ்சினின் உச்சியில் இருக்கும் டேப்பெட் கவரில் கசிந்தது பிளாக்கின் மேல் வழிந்து, சம்ப்பின் விளிம்பில் தேங்கி, அங்கிருந்து சொட்டும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர், கிராங்க் ஷாஃப்டின் முன் சீல், பின் சீல் என்று சந்தேகப்பட நிறைய இடங்கள் உண்டு. எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவைத்து, சம்ப்பின் விளிம்பைச் சுற்றியும் அதற்கு மேலேயும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ, அதில் மிக உயரமான இடம்தான் கசிவின் தொடக்கம்.

கிளட்ச் ஹவுசிங்கும் பிளாக்கும் சேரும் இடத்தில் மட்டும் சொட்டினால் அது பெரும்பாலும் பின் சீல். சம்ப்பைக் கழற்றிப் பயனில்லை. இன்னொன்று, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வோ அதன் குழாயோ அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, நல்ல பேக்கிங்கைக்கூட மீறி ஆயிலை வெளியே தள்ளும். அதைச் சரிசெய்யாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

உங்கள் வண்டியில் எந்த வகை?

நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. 'பேக்கிங்கும் போடு, அதன் இரண்டு பக்கமும் சீலன்ட்டும் பூசு, டபுள் சேஃப்டி' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை, பல சமயம் பேக்கிங்தான் கெடுகிறது.

பழைய எஞ்சின்களில் கார்க் பேக்கிங். அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சின் இதற்கு நல்ல உதாரணம்: பக்கவாட்டில் பேக்கிங், முன்னும் பின்னும் மெயின் பேரிங் கேப்பின் வளைவில் தனியாகக் கார்க் பட்டை. இந்த வகையில் பக்கவாட்டுப் பேக்கிங்கை நகராமல் நிறுத்த, சம்ப் பக்கம் மட்டும் மெல்லிய பூச்சு போதும். பட்டையும் பேக்கிங்கும் சந்திக்கும் நான்கு மூலைகளில்தான் உண்மையான கசிவு வரும். அங்கே ஒவ்வொன்றிலும் ஒரு துவரம்பருப்பு அளவு சீலன்ட்.

அடுத்தது அச்சில் வார்த்த ரப்பர் அல்லது சிலிக்கான் பேக்கிங். சிலவற்றில் நடுவே எஃகுத் தகடு இருக்கும். இதைச் சுத்தமான, உலர்ந்த முகத்தில் (பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் பரப்பில்) உலர்வாகவே வைக்க வேண்டும். ஈரமான சிலிக்கான் மசகு மாதிரி வழுக்கும். போல்ட்டை இறுக்க இறுக்க ரப்பர் பேக்கிங் அதன் மேல் சறுக்கி வெளியே பிதுங்கிவிடும். ஒரே விதிவிலக்கு, இரண்டு பாகங்கள் சேரும் கோடு. டைமிங் கவரோ ஆயில் பம்ப் கேஸோ பிளாக்கோடு சேரும் இடம், பின் சீல் ஹவுசிங் பிளாக்கோடு சேரும் இடம். அந்தக் கோடு சம்ப்பின் முகத்துக்கு இறங்கி வரும்போது ஒரு சிறு பள்ளம் விழும். ரப்பர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது, சீலன்ட் இறங்கும். அங்கே மட்டும் ஒரு பொட்டு.

மூன்றாவது வகையில் பேக்கிங்கே கிடையாது. மாருதி சுஸுகியின் பல எஞ்சின்களும், டொயோட்டாவின் பல எஞ்சின்களும் இப்படித்தான், சீலன்ட்தான் பேக்கிங். சம்ப்பின் முகத்தில் ஒரே கோடாகப் பிழிந்து மாட்டுவார்கள், அது அங்கேயே இறுகிப் பேக்கிங் ஆகிவிடும். இந்த வகை வண்டிக்குக் கடையில் யாராவது கார்க் பேக்கிங் வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். வடிவமைப்பில் அந்தக் கனத்துக்கு இடமே வைக்கவில்லை.

எந்த ட்யூப்?

'ஆர்டிவி' என்று எழுதியிருக்கும் சிலிக்கான் சீலன்ட் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். அதனால் வெளியிலிருந்து உள்ளே போகப் போகத்தான் இறுகுகிறது. மேல் தோல் பத்து நிமிடத்தில் கட்டிக்கொண்டாலும் நடுப்பகுதிக்கு ஒரு நாள் வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் சீக்கிரம் தோல் கட்டும், வறண்ட ஊரில் தாமதமாகும்.

ட்யூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது அசெடிக் அமிலம் விடும் வகை. குளியலறை, மீன்தொட்டிக்கு வாங்கும் சிலிக்கானில் பெரும்பாலும் இந்த நெடி இருக்கும். இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும், எஞ்சினுக்கு வேண்டாம். லேபிளில் ஆயிலைத் தாங்கும் என்றும், ஆக்சிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்றும் இருக்க வேண்டும். சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்ற நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் கறுப்பும் இன்னொரு நிறுவனத்தின் கறுப்பும் ஒரே சரக்கு இல்லை. கட்டாயம் பார்க்க வேண்டியது காலாவதித் தேதி. பழைய ட்யூப் கெட்டியாகத்தான் வரும், ஆனால் ஒழுங்காக இறுகாது.

அனேரோபிக் என்று இன்னொரு ரகம் உண்டு. காற்று இல்லாத இடத்தில், உலோகம் தொட்டால் இறுகுவது. கடைந்தெடுத்த இரண்டு கெட்டியான உலோக முகங்களுக்கு நடுவில் அருமையாக வேலை செய்யும். தகட்டை அடித்துச் செய்த சம்ப்புக்கு ஆகாது. இடைவெளி பெரிது, தகடும் அசையும்.

கழற்றுவது

ஆயிலைச் சூடாக வடியுங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். வண்டி கண்டிப்பாக ஜாக்கி ஸ்டாண்டின் மேல் நிற்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பியோ, செங்கல் அடுக்கியோ வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். மாருதி 800 போன்றவற்றில் முன் எக்ஸாஸ்ட் பைப்பும் கிளட்ச் ஹவுசிங்கின் கீழ்த் தகடும் வழிமறிக்கும், அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள்.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் சீலன்ட் போட்ட சம்ப் தொங்கிக்கொண்டே நிற்கும். இங்கேதான் பலர் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புவார்கள். அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த கசிவுக்கு வழி அதுதான். பெயின்டர் வைத்திருக்கும் மெல்லிய பட்டித் தகட்டை ஒரு மூலையில் நுழைத்து, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி நகர்த்துங்கள். ஓர் ஓரம் விட்டுக்கொடுத்தால் மீதி தானே வரும்.

சம்ப் வந்ததும் ஸ்ட்ரைனரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தங்கியிருக்கும் கசடை விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மின்னும் துகள் இருந்தால் பேக்கிங்கை மறந்துவிட்டு பேரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம். ஸ்ட்ரைனரை மண்ணெண்ணெயில் கழுவி, அதன் ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றிவிடுங்கள். அந்த ஓ-ரிங் காற்று இழுத்தாலும் ஆயில் விளக்கு எரியும்.

சுத்தம்தான் பாதி வேலை

எவ்வளவு விலை உயர்ந்த சீலன்ட்டும் ஆயில் படிந்த உலோகத்தில் ஒட்டாது. பழைய சிலிக்கானின் மேல் புதிய சிலிக்கானும் ஒட்டாது. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை இது. நான் இதற்கு ஒரு மாலையையே ஒதுக்கிவைப்பேன்.

முதலில் பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியால் எடுங்கள். அலுமினியத்தில் இரும்பு பிளேடை வைப்பதாக இருந்தால் படுக்கவைத்து, அழுத்தாமல் தள்ளுங்கள். டிரில்லில் மாட்டிச் சுற்றும் எமரி டிஸ்க் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் அரைக்கும் தூள் கண்ணுக்குத் தெரியாது, ஆயிலோடு நேராக பேரிங்குக்குப் போகும். ஜெனரல் மோட்டார்ஸ் இதை எச்சரித்துத் தன் மெக்கானிக்குகளுக்குத் தனியாக சர்வீஸ் குறிப்பே அனுப்பியிருக்கிறது. அப்புறம் துணி. காட்டன் வேஸ்ட்டின் நூல் உள்ளே விழுந்தால் அதுவும் ஸ்ட்ரைனரில்தான் போய் நிற்கும். நூல் பிரியாத பனியன் வேஸ்ட் நல்லது.

தகட்டு சம்ப்பாக இருந்தால், போல்ட் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். முன்பு யாராவது அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகடு மேல்நோக்கிக் குழிந்து மேடு தட்டியிருக்கும். இரும்பு ஸ்கேலை விளிம்பின் மேல் நிறுத்தி வைத்து, அந்தப் பக்கமிருந்து டார்ச் அடித்தால் துளைக்குத் துளை நடுவே வெளிச்சம் தெரியும். அந்த மேட்டைக் கீழே அடிக்காமல் எந்தப் பேக்கிங் போட்டாலும் நடுவில் அழுத்தம் இருக்காது. விளிம்பைக் கனமான மரக்கட்டையின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் பொறுமையாகத் தட்டி, மறுபடி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. ஆனால் கசிவு திரும்பத் திரும்ப வரும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் மருந்து என்பது என் அனுபவம்.

போல்ட் துளைகளில் ஆயில் தேங்கியிருந்தால் காற்றடித்து வெளியேற்றுங்கள். அடி மூடிய துளையில் ஆயில் நின்றால் போல்ட் அதன் மேல் போய் முட்டும்; இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும், உண்மையில் இறுகியிருக்காது.

கடைசித் துடைப்புக்கு பிரேக் கிளீனர் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மண்ணெண்ணெயும் டீசலும் முதல் கழுவலுக்குச் சரி, ஆனால் பின்னால் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகும் பிளாக்கின் உள்ளிருந்து ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். துடைத்துவிட்டுத் திரும்பினால் முகத்தில் மறுபடி ஒரு பளபளப்பு. இதற்கு ஒரே வழி காத்திருப்பது. முடிந்தால் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் துடைத்து, உடனே மாட்டுங்கள்.

பூசுவது

பூசும் முன் ஒரு தடவை சம்ப்பை வெறுமனே தூக்கி வைத்துப் பாருங்கள். எந்தக் கோணத்தில் நுழைகிறது, எங்கே இடிக்கிறது என்று கைக்குப் பழகிவிடும். சீலன்ட்டோடு தூக்கும்போது ஒரு பக்கம் உரசினால் மொத்தத்தையும் வழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு வழிகாட்டி ஊசிகள் இருந்தால் வேலை சுலபம். அதே அளவு மரையுள்ள நீளமான போல்ட்டின் தலையை வெட்டிவிட்டு, பிளாக்கில் கையால் திருகி வைத்தால் போதும். சம்ப் நேராக மேலே ஏறும், பக்கவாட்டில் இழுபடாது.

பேக்கிங் இல்லாத வகைக்கு, ட்யூபின் மூக்கை சாய்வாக 3 மில்லிமீட்டர் துளை வருமாறு வெட்டுங்கள். கோட்டின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர், உயரம் 2 இருந்தால் போதும்; உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதைக் கேளுங்கள். ஜிலேபி பிழிகிற கை மாதிரி நிற்காமல், ஒரே அழுத்தத்தில் நகர வேண்டும். போல்ட் துளை வரும்போது அதன் உள்பக்கமாக வளைந்து போங்கள். உள்பக்கம் என்றால் ஆயில் இருக்கும் பக்கம். துளைக்கு வெளியே மட்டும் கோடு போனால் ஆயில் போல்ட்டின் மரை வழியாகக் கசிந்து வெளியே வரும். தொடங்கிய இடத்துக்கு வந்ததும் ஒரு சென்டிமீட்டர் மேலேறி முடியுங்கள். முடிவையும் தொடக்கத்தையும் மூலையில் வைக்காதீர்கள், நேரான பக்கத்தில் வையுங்கள்.

பிழிந்த கோட்டை விரலால் தேய்த்துப் பரப்பும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. வேண்டாம். பரப்பினால் ஓரிடத்தில் மெலிந்து, ஓரிடத்தில் தடித்துவிடும். கோடாகவே இருந்தால் இறுக்கும்போது அது சமமாகப் பரவும்.

கோட்டைப் போட்டாயிற்று என்றால் கடிகாரம் ஓடுகிறது. டொயோட்டா மேனுவல்கள் 3 நிமிடத்துக்குள் மாட்டச் சொல்கின்றன. எல்லா ட்யூபுக்கும் அவ்வளவு அவசரம் இல்லையென்றாலும் தோல் கட்டும் முன் மாட்டியே ஆக வேண்டும். போன் வந்தால் எடுக்காதீர்கள். போல்ட்டுகளை முன்னாலேயே துடைத்து, கைக்கு எட்டும் இடத்தில் வரிசையாக வைத்திருங்கள்.

இறுக்குவது

எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். பிறகு நடுவில் தொடங்கி, இடமும் வலமுமாக ஓரங்களை நோக்கிப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் தகடு உப்பி நின்றுவிடும். சுஸுகியின் சிறிய எஞ்சின்களில் இந்தப் போல்ட்டுக்கான இறுக்க அளவு 11 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் 11 கிலோ தொங்குவதற்குச் சமம். நீளமான ராட்செட்டைப் பிடித்தால் நாம் நினைக்கும் முன்பே அதைத் தாண்டிவிடுவோம். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ராட்செட்டைத் தலைக்கு அருகில் பிடித்து, தோளைச் சேர்க்காமல் மணிக்கட்டால் மட்டும் முறுக்குங்கள். கார்க் பேக்கிங் இன்னும் மென்மை. அது போல்ட்டுக்குக் கீழே லேசாக உப்பத் தொடங்கினாலே நிறுத்திவிட வேண்டும்.

சில ட்யூபுகளில், விரல் இறுக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் கழித்து மீதியை இறுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். வண்டி தயாரிப்பாளர்களின் மேனுவலோ பெரும்பாலும் உடனே முழு அளவுக்கு இறுக்கச் சொல்லும். பேக்கிங் இல்லாத வகைக்கு நான் மேனுவலைத்தான் பின்பற்றுகிறேன். எந்த வழியானாலும் சரி, முழுதாக இறுகிய சீலன்ட் மேல் மறுநாள் வந்து 'இன்னும் ஒரு சுற்று' இறுக்கக் கூடாது. உலோகத்தோடு ஒட்டிய ஒட்டு விட்டுப்போகும்.

எல்லாம் சரியாக இருந்தால் வெளி விளிம்பைச் சுற்றி நூல் கனத்துக்கு சீலன்ட் எட்டிப்பார்க்கும். வெளியே எவ்வளவு வந்திருக்கிறதோ ஏறத்தாழ அவ்வளவு உள்ளேயும் போயிருக்கும். வெளியே நூலாக இருந்தால் உள்ளேயும் நூல்தான், ஆபத்தில்லை. கயிறாக வழிந்தால் தயங்காமல் கழற்றி, வழித்துவிட்டு, மறுபடி பூசுங்கள். ஈரமாக இருக்கும்போது அது கால் மணி நேர வேலை.

ஆயில் ஊற்றுவதும் ஸ்டார்ட் செய்வதும்

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், புது ஃபில்டர். ஆயிலை ஊற்ற அவசரப்படாதீர்கள். அரை மணி நேரத்தில் ஊற்றலாம், மூன்று மணி நேரத்தில் ஸ்டார்ட் செய்யலாம் என்று சொல்லும் மேனுவல்கள் உண்டு. ஆனால் மறுநாள்வரை விட முடியுமென்றால் விடுங்கள். சாயங்காலம் மாட்டி, காலையில் ஆயில் ஊற்றுவதுதான் என் வழக்கம்.

முதல் ஸ்டார்ட்டில் ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். ஸ்ட்ரைனரும் பம்ப்பும் காலியாக இருப்பதால் ஆயில் விளக்கு அணைய சில விநாடிகள் ஆகும். அதற்கு மேலும் எரிந்தால் உடனே நிறுத்திவிட்டு ஸ்ட்ரைனரின் ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, விளிம்பைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மூலையில் மட்டும் ஈரம் தெரிந்தால், வெளியிலிருந்து சீலன்ட்டை அப்பி அடைக்கப் பார்க்காதீர்கள். உள்ளேயிருந்து தள்ளும் ஆயில் அதை ஒரே வாரத்தில் உரித்துவிடும். அந்த மூலையை மார்க்கரால் குறித்துவைத்துவிட்டு சம்ப்பை இறக்குங்கள். இறக்கியதும் உரிந்த சீலன்ட்டைத் துடைப்பதற்கு முன் அதைப் படியுங்கள். ஒரு முகத்தில் மொத்தமாகப் பிரிந்து வந்திருந்தால் அங்கே ஆயில் இருந்திருக்கிறது. நடுவில் ஒரு குழி தெரிந்தால் கோடு விட்டுப்போயிருக்கிறது. இரண்டு முகத்திலும் நன்றாக ஒட்டி, நடுவில் கிழிந்து வந்திருந்தால் பூச்சில் குறை இல்லை. அந்த இடத்துக்கு மேலே, கவர் சேரும் கோட்டில் டார்ச்சை அடித்துப் பாருங்கள்.